அக்காவின் அவசரம்

என் மேசைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. தங்காக் ஊரில் சேலை எடுத்தபோது கடையில் கொடுத்த பை. அக்கா அதில்தான் மடிக்கணினியைப் போட்டுக்கொண்டு ஸ்கூடாயில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வருவார். நல்ல பையாக வாங்கச் சொன்னால், "இதுல கம்ப்யூட்டர் இருக்குன்னு எந்தத் திருடனுக்குத் தெரியும் லா?" என்று சிரிப்பார். உடன் வேலை பார்த்தவர்தான். எங்கள் எல்லாருக்குமே அக்கா.

சிகாமட் ஊரில் ஆறு பெருகி வெள்ளம் வந்த அந்த வருடம், யார் எந்த நிவாரண மையத்தில் இருக்கிறார் என்று தேடும் இணையப் பக்கத்தை நாங்கள்தான் பராமரித்தோம். முன்பு விஷமிகள் பொய்ப் பெயர்களை நுழைத்திருந்ததால், வருகிறவரின் இணைய முகவரி தடுக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே பக்கம் திறக்கும். தடுத்தவையோ தனி முகவரிகள் அல்ல. இதிலிருந்து இதுவரை என்ற தொகுதிகள். டேட்டாபேஸில் தேட உதவும் அட்டவணையான வழக்கமான இன்டெக்ஸுக்கு வரிசை தெரியும், ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது தெரியாது. ஒவ்வொரு தொகுதியாகத் துழாவும். ஊரே ஒன்றாக வந்து தேடியதும் பக்கம் சிக்கி நின்றுவிட்டது.

ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த அக்கா பலகையில் கோடு போட்டார். "வீடு தேடிப் போனா ஒவ்வொரு கதவா தட்டுவோமா? எந்த டிவிஷன், எந்த லயம்னு கேட்டுட்டுத்தானே போவோம்?" பெரிய தொகுதிக்குள் சின்னது, அதற்குள் முகவரி என்று இறங்கித் தேடும் புது இன்டெக்ஸை அவரே எழுத உட்கார்ந்தார்.

அவருடைய அப்பா சிகாமட்டில் தனியாக இருந்தார். போனை எடுக்கவில்லை. அக்கா ஒரே வரியை மூன்று முறை தப்பாகத் தட்டி அழித்தார். முடங்கியது பக்கம்தான், நாங்கள் நேராக டேட்டாபேஸுக்குள்ளேயே பார்க்கலாம். "அக்கா, அப்பா பேர மட்டும் பாத்துடுங்களேன்" என்றேன்.

"பாத்துட்டா என் அவசரம் போயிடும் லா. வெளிய காத்திருக்கறவங்களுக்கு அது வேணும்."

எனக்குக் கோபமே வந்தது. பெற்ற அப்பா விஷயத்தில் இது என்ன பிடிவாதம்?

மதியம் புது இன்டெக்ஸ் ஓடியது, பக்கம் சட்டென்று திறந்தது. அக்கா எல்லாரையும் போலத் தன் கைப்பேசியில் பெயரைத் தட்டினார். அப்பா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார். சாயங்காலம் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, அங்கே கொடுத்த மீகூன் நூடுல்ஸில் உப்பே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். "உசுரோட இருக்கீங்கல்ல, பேசாம சாப்பிடுங்கப்பா!" என்று அக்கா அழுதுகொண்டே திட்டினார்.

அக்காவுக்கு இப்போது சிங்கப்பூரில் வேலை. போகும்போது பையை ஆணியிலேயே விட்டுவிட்டார். இந்த மழைக்கும் சிகாமட்டில் வெள்ளம் வந்தது. என் அத்தை அங்கே இருக்கிறார். அவர் பெயரைத் தட்டி நிமிர்வதற்குள், எந்த மண்டபம் என்று அதே பக்கம் காட்டிவிட்டது. பயப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. நான் பட வேண்டிய பயத்தையும் சேர்த்து அக்கா அன்றைக்கே பட்டிருக்கிறார். எழுந்து போய் அந்தப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.