எஸ்தர் அக்காவும் என் மாமியார் கேட்ட வளைவும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தண்ணீர் கேன் போடும் குமார் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமல் போனான். ஓடிப்போய் மறித்தேன்.

“இன்னிக்கு உனக்கு இல்லண்ணே. எல்லாம் எஸ்தர் அக்கா ஊட்டுக்குப் போவுது.”

“அப்படி இன்னா விசேஷம்? ஊருக்கே விருந்து வெக்கிறாங்களா?”

“அக்கா பூட்டாங்கண்ணே. விடியக்காத்தால. நெஞ்சுவலி.”

ஒரு சாவுச் செய்தியை இவ்வளவு கேவலமாகக் கேட்டு வாங்கியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அக்கா இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குத்தான் அன்று முதல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் அவர் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. அதாவது, மற்றவர்கள் தாமதமாக வருவதைத் தாமதமாக வந்து குறித்துக்கொள்பவன். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனியின் வடிகட்டிய தண்ணீரை ஒரு பெரிய பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார் அக்கா. ஒருநாள் செக்யூரிட்டி மறித்தார்.

“கம்பெனிப் பொருள வெளிய எடுத்துக்கினு போவக் கூடாதும்மா.”

“எங்க ஊரு மண்ணுல போர் போட்டு கம்பெனி உறிஞ்ச தண்ணி சார் இது. பொறந்த ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன்.”

செக்யூரிட்டி சிரித்தபடி விட்டுவிட்டார். மறுநாள் பாட்டிலுக்கே தடை வந்தது. மாட்டிய முதல் ஆள் நான். என் பையில் மூன்று இருந்தன.

எங்கள் காலனிக் குழாயில் வருவது துணி துவைக்கத்தான் ஆகும், அதுவும் வெள்ளைத் துணிக்கு ஆகாது. குடிக்கவும் சமைக்கவும் கேன்தான். வாடகை ஏறியது, எண்ணெய் ஏறியது, பிள்ளைகளின் ஃபீஸ் ஏறியது. சம்பளம் மட்டும் படியேற மூச்சு வாங்கியது. “கொழம்புல தக்காளியக் கொறைக்கலாம் தம்பி. தண்ணியக் கொறைக்க முடியுமா?” என்பார் அக்கா.

கிராம சபையில் நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து, பிறகு போண்டா, டீ. தீர்மானத்தை அவர்கள் பிற்பாடு சாவகாசமாக எழுதிக்கொள்வார்கள். ஒரு முறை நான் எனக்குப் போட்டேன், மனைவிக்குப் போட்டேன், ஒரு போண்டா கூடுதலாகக் கிடைக்குமே என்று மாமியாருக்கும் போட்டேன். அக்கா மட்டும் பேனாவை வாங்கவில்லை.

“மேல எழுதுங்க. அப்பால நான் கீழ போடுறேன்.”

“எழுதிக்கலாம்மா. போண்டா ஆறுது பாருங்க” என்றார் புத்தகம் வைத்திருந்தவர்.

குடிநீர்த் தொட்டி வரும் என்று இருந்தோம். ஊர் முகப்பில் அலங்கார வளைவு வந்தது, இரண்டு சிமெண்ட் யானைகளோடு. அக்கா மனுப் போட்டுத் தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“ஏன் தம்பி, உன் மாமியாரு செத்து ரெண்டு வருசம் ஆவுதே. வளைவு வேணும்னு எப்ப வந்து கேட்டாங்க?”

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கே கேட்டது. இதைப் படிக்கும் ஊர்க்காரர்களே, நீங்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் உங்களில் பாதிப் பேரின் கையெழுத்தும் இருக்கிறது.

அக்கா அதற்குமேல் திட்டவில்லை. “பஞ்சாயத்துப் பணமும் நம்ம பணந்தான் தம்பி. அவங்க யானைக்குச் செலவு பண்ணா, நாம கேனுக்குச் செலவு பண்ணணும்” என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: தொட்டி ஒன்று, தெருவுக்குக் குடிநீர்க் குழாய். அதைப் புத்தகத்தில் ஏற்றி உரக்கப் படிக்கவைத்த பிறகே கையெழுத்துப் போட்டார். அதுவரை எங்களையும் போட விடவில்லை. எல்லோரும் ஆறிய போண்டா தின்றோம்.

குழாய் பதித்துவிட்டார்கள். தொட்டிக்கான கோப்பு ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. அடக்கத்துக்கு வந்தவர்கள் கை கழுவியதும் கேன் தண்ணீரில்தான்.

அக்காவுக்குத் திங்கட்கிழமை வார விடுமுறை. திங்கள்தோறும் அந்த அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். அடக்கத்தன்று அவர் மகள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவன், இதைத் தெரிந்துகொள்ளவில்லை.

போன திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எழுத்தர் நிமிர்ந்தார்.

“அந்தம்மா வரலியா?”

சொன்னேன்.

“அடப் பாவமே. நல்ல மனுஷி சார்” என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் சொன்ன கையோடு, நாற்காலியில் சற்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அந்தச் சாய்வை என்னால் பொறுக்க முடியவில்லை.

“தொட்டி ஃபைலு இன்னா ஆச்சு சார்?”

“அடுத்த மாசம் வந்து பாருங்க.”

“இல்ல சார். அடுத்த வாரமே வரேன்.”

அவர் மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய திங்கட்கிழமைதான்.