சபையில் என் முதல் வேதபாடம்

இன்று காலை எங்கள் எருமப்பட்டி சபையில் வேதபாடம் வாசித்தேன்.

எழுபது வயதில், போன வருஷம்தான் எழுத்துக் கற்றேன். சபை முன்னால் ஒருநாள் வாசிக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

ஜெபம் பண்ணிவிட்டுத்தான் எழுந்தேன். முதல் வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், தோற்றேன் என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "ஏனுங்க, ஊட்டுல சோறு ஆக்கி வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன். மெதுவாவே படிங்க!"

சபையே சிரித்தது. என் பயமும் போய்விட்டது. விரலை வைத்து, வசன எண்களைக்கூட விடாமல், கடைசி வரை வாசித்தேன். எல்லோரும் சத்தமாக "ஆமென்" என்றார்கள்.

போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரமும் நீங்களேதானுங்க ஐயா."

வீட்டுக்கு வந்து, வேதாகமத்தில் அடுத்த வாரப் பகுதியைப் பிரித்தேன். முழுக்க வம்ச வரலாறு, வரிக்கு வரி வாயில் நுழையாத பேர்கள்!

தைரியம் கொடுத்த ஆண்டவர், அந்தப் பேர்களைக் கொஞ்சம் சின்னதாகக் கொடுத்திருக்கலாம். நீங்களே சொல்லுங்கள்.