அத்தைக்கு மட்டும் வளைவு கிடையாது

ஏற்காட்டு பஸ்ஸில் என்னைக் கண்டதும் ஜன்னலோரத்து ஆட்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மலை இறங்கும் பஸ் வளைந்து வளைந்து திரும்பும்போது, பாதி வழிக்குள் என் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், கமலா ஆரஞ்சுத் தோல் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. எல்லாவற்றையும் முறையாக முகர்ந்துவிட்டுத்தான் வாந்தி எடுத்தேன்.

பக்கத்தில் அப்பாவின் தங்கை, என் அத்தை, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு வருவாள். பஸ் எப்படி ஆடினாலும் அவளை ஒன்றும் செய்யாது. அத்தைக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் போய்விட்டதாம். காய்ச்சல் விட்டு எழுந்தபோது நிற்கவே தள்ளாடி, மறுபடியும் நடை பழகினாளாம். அப்பா இதைச் சொல்லும்போது நான் அவ்வளவாகக் காதில் வாங்கியதில்லை. எங்கள் மலைத் தெய்வம் சேர்வராயசாமி காதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு நல்ல வயிற்றைக் கொடுத்திருக்கிறார் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்கு எட்டு வயதானபோது அம்மா பிரசவத்துக்காகச் சேலத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். தம்பி பிறந்துவிட்டான்; மூன்று மாதம் முடிந்துதான் திரும்புவாள். நான் அழுத அழுகையில் அப்பா ஒருவழியாக இறங்கி வந்தார். கடையை விட்டு அவரால் நகர முடியாது. அத்தையோடு என்னை ஒருமுறை அனுப்பிப் பார்ப்பார். தாங்கிக்கொண்டால் ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கப் போகலாம். முன்பு போல மயங்கி விழுந்தால் அம்மா வரும்வரை மலையைவிட்டு இறங்கக் கூடாது. அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. போன தடவை அடிவாரத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, முகத்தில் தண்ணீர் தெளித்தவர் அவர்தான்.

கண்டக்டர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளையையா ஏத்தறீங்க? நொம்பச் சிரமமுங்க."

"அவங்கம்மாளப் பாக்கோணும்னு அழுவுதுங்க. இந்த ஒருக்கா கூட்டிட்டுப் போங்க" என்ற அப்பா, என் பக்கம் குனிந்தார். "சாமி, அடிவாரம் வர்ற வரைக்கும் கண்ண இறுக்கி மூடிக்கோணும். தொறக்கவே கூடாது."

ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் அதுதான். சிலருக்குப் பலிக்கும். எனக்கோ முதல் வளைவிலேயே வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. அம்மா முகம் இனி மூன்று மாதத்துக்கு இல்லை என்று நினைத்தபோது, அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரலால் என் இமையைத் தூக்கியே விட்டாள். அவளுக்கு என்னோடு பேச வேண்டும், அவ்வளவுதான். அவள் பேச்செல்லாம் கையில். நான் கண்ணை மூடிக்கொண்டால் யாரிடம் பேசுவாள்?

"பாரு" என்றாள். அவளிடம் மிஞ்சியிருந்த சில சொற்களில் அது ஒன்று. எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாததால் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

வெளியே வெகு தூரத்தில், கீழே சேலம் தெரிந்தது. அதைக் காட்டிவிட்டு இரண்டு கைகளையும் தொட்டில் போல ஆட்டினாள். தன் மூக்கை அமுக்கிச் சப்பையாக்கினாள். தம்பிக்கு அப்பாவின் மூக்காம். இன்னும் பார்க்காத குழந்தையைப் பற்றி என்னவெல்லாம் புளுகினாள்! வளைவில் ஊர் மறைந்தால் என் தாடையைப் பிடித்து மறுபக்கம் திருப்பிக் காட்டுவாள். நானும் ஊரைத் தேடித் தேடிப் பார்த்தேன். அடிவாரத்தில் பஸ் நின்ற பிறகுதான் வாந்தி எடுக்கவில்லை என்பதே எனக்கு உறைத்தது.

கண்டக்டர் என் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "புள்ளைக்கு என்னமோ மந்திரம் போட்டிருக்கீங்க" என்றார். அத்தை கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாந்தி எடுத்தியா கண்ணு?" என்பதுதான் அம்மா கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றதும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். தம்பியின் மூக்கு சப்பையாக இல்லை. அதன்பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனோம்.

அந்தக் கோடையில் தம்பிக்கான வேண்டுதலுக்குச் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். கோயிலே ஒரு குகைதான்; உள்ளே குனிந்துதான் போக வேண்டும். அத்தை எந்தத் திருவிழாவிலும் உள்ளே வந்ததில்லை. வெளியே நின்று எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொள்வாள். பக்தி போதாது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அப்பாவும் அம்மாவும் குழந்தையோடு முன்னால் போய்விட, இருட்டைப் பார்த்துப் பயந்துபோன நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் குகை வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வந்தாள்.

உள்ளே கற்பூரம் அணைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தை என் மணிக்கட்டை, வளையல் உடைந்துவிடும் போல, இறுக்கிப் பிடித்தாள். அவள் பாரம் முழுக்க என்மேல் சாய்ந்தது.

"ஏனுங்க, பாத்து நில்லுங்க. புள்ளைய நசுக்கறீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான் பயப்படுவேன் என்றுதான் அத்தை இப்படிப் பிடிக்கிறாள் என்று நினைத்து, பயமில்லை என்பதாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். வெளியே வந்ததும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். என் தைரியத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று பெருமையாக இருந்தது.

என் மகளுக்கும் பஸ் என்றால் வாந்திதான். அவளைப் பார்த்த காது டாக்டர்தான் எனக்கு விளக்கினார். உடம்பு திரும்புவதை உள்காதுதான் உணர்கிறதாம். பஸ்ஸுக்குள்ளேயே பார்க்கும் கண்ணோ, எதுவும் அசையவில்லை என்கிறதாம். அந்தச் சண்டையில் வயிறு புரள்கிறது. தூரத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். அத்தையைப் பற்றிச் சொன்னேன். மூளைக்காய்ச்சலில் உள்காது அடியோடு போனவர்களுக்குப் பயணத்தில் வாந்தியே வராது என்றார். ஆனால் கண்ணால் பார்த்துத்தான் அவர்கள் நேராக நிற்கிறார்கள். இருட்டில் எது மேல், எது கீழ் என்றே தெரியாதாம்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அத்தை இப்போது இல்லை. என்னை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குக்கூட நான் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. குகைக்குள் காலடியில் தரை இருப்பதே தெரியாமல் போகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வந்தாள், நான் கூப்பிட்டேன் என்பதற்காக.