பாரம் குறைந்த விதம்

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். இரும்பு பீரோவைப் பட்டையால் முதுகில் கட்டிக்கொண்டு தனியாளாக மாடி ஏறுவார். கூட வேலை செய்தவர்கள் அவருக்குக் 'கிரேன்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் மனைவிக்கு நேர் எதிரான வேலை. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில், ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் பகல் முழுக்க உட்கார்ந்து, வருகிற வண்டிகளுக்குக் கையை நீட்டிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். கை மட்டும் உழைத்தது, மற்றதெல்லாம் பெருத்தது. மகளைப் பெற்றபோது வந்த வயிறு, அந்த மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் இறங்கவில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடி உன் வயிறு வந்து கதவைத் தட்டுது, பூசணி" என்பார் அவர்.

"நீங்க தூக்கற பீரோவுக்கு நான் தேவலை."

"பீரோவுக்காவது கைப்பிடி இருக்கும்."

அவளுக்குக் கோபமே வராது. நாற்பத்தெட்டு வயதில் யாருக்குத்தான் வயிறு இல்லை என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலையில், யாருடைய வீட்டிலோ சோபாவின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றிருந்தவர், அப்படியே சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. உயிர் தப்பியது, வலப் பக்கம் விளங்காமல் போனது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு குழறியது. உடம்பு மட்டும் அதே கிரேன் உடம்பு.

வந்த வாரத்திலேயே குளியலறையில் அவள் தோளைப் பிடித்திருந்த கை நழுவி, ஈரத் தரையில் விழுந்தார். அவள் அவருடைய அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்துப் பார்த்தாள். பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. கிட்டே போய்ப் பிடிக்கலாம் என்றால் இருவருக்கும் நடுவில் அவள் வயிறு நின்றது. மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அவர் உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. குளிரில் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். கடைசியில் ஒரு துண்டை அவர்மேல் போட்டுவிட்டுப் போய், பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரரைக் கூட்டி வந்தாள்.

டாக்ஸிக்காரர் தூக்கிக் கட்டிலில் போடும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. ஊர் சாமானையெல்லாம் தூக்கியவரை இன்னொருவன் சாமான் மாதிரி தூக்கிப் போட்டுவிட்டுப் போனான். அன்று முழுக்க அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவருக்குப் பயிற்சி கொடுக்க மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வாரம் ஒரு முறை வந்துகொண்டிருந்தாள். அவளிடம் இவள் கூச்சத்தை விட்டுக் கேட்டாள்.

"இந்த வயித்தைக் கரைக்கணும்மா. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திடட்டுமா?"

"அந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்கம்மா. பட்டினி கிடந்தா கொழுப்போட சதையும் சேர்ந்து கரைஞ்சிடும். உங்க வயசுல போன சதை லேசுல திரும்பாது. முட்டை, பருப்பு, காய் எல்லாம் நல்லா சாப்பிடுங்க. சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். நடங்க. பாரம் தூக்கிப் பழகுங்க. வயித்தை மட்டும் தனியா கரைக்க வழி கிடையாது. உடம்பு பலமானா அது தானா இறங்கும்."

கட்டிலில் கிடந்தவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அவள் சுங்கச்சாவடிக்கு நடந்தே போனாள். காலையில் நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுந்தாள். கொஞ்சம் பழகியதும் தண்ணீர்க் கேனை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். மூட்டு நெருநெருவென்றது. முதல் முறை கேன் நழுவி அறையெல்லாம் வெள்ளம்.

"முதுகால தூக்காத. தொடையால தூக்கு" என்று கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு அவராக வாயைத் திறந்தது அப்போதுதான்.

அதன் பிறகு தினமும் பாடம் நடந்தது. "பாரம் உடம்போட ஒட்டி இருக்கணும். தள்ளி இருந்தா இடுப்பு போயிடும். காலை அகட்டு. தூக்கும்போது மூச்சை விடு." தான் இருபத்தைந்து வருஷம் செய்ததை, பேச முடியாத வாயால் சொல்லிக் கொடுத்தார்.

"என்னைப் பீரோன்னு நெனைச்சுக்கோ."

"பீரோ இவ்வளவு பேசாதுங்க."

வயிறு மெல்ல இறங்கியது. ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி, தன் மார்போடு சேர்த்துப் பிடித்து, திருப்பி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். பிறகு அவர் கோணல் வாயோடு சிரித்தார். "கூலி கேட்பியே" என்றார்.

ஆனால் அன்று அவரை இறக்கியபோது அவள் இடுப்பில் சுருக்கென்று ஒன்று பிடித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போய்த் தைலம் தேய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றாள். சின்ன வீடு. தைலத்தின் வாசனை கட்டில்வரைக்கும் போயிருக்கும்.

பயிற்சிப் பெண் வர வேண்டிய வாரங்கள் முடிந்து, அவள் வருவது நின்றது. இவள் வீட்டில் பயிற்சியை விடவில்லை. வாரம் போகப் போக அவரைத் தூக்குவது சுலபமானது. முதலில் மூச்சு வாங்குவது நின்றது. பிறகு கை நடுங்குவது நின்றது. சுங்கச்சாவடியில் கூட வேலை செய்கிறவளிடம் கையை மடக்கிக் காட்டி, "தொட்டுப் பாரு, கல்லு" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். அவர் முகம் ஒடுங்குவது கண்ணில் படாமல் இல்லை. படுக்கையில் கிடக்கிற உடம்பு வற்றத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அந்த நாட்களில் அவள் கண்ணாடியில் தன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேளைக்குத் தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவள், காலித் தட்டை எடுக்கத்தான் திரும்பி வந்தாள்.

ஒரு நாள் சாலையில் ஏதோ மறியல். வண்டிகள் வரவில்லை என்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின் சந்து வழியாக வந்தாள். அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே தெரு நாய்கள் இரண்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல் கம்பிக்கு இடையில் ஒரு கை வெளியே வந்தது. அவருடைய இடது கை. அவள் காலையில் பிசைந்து டப்பாவில் வைத்துவிட்டுப் போன சோறும் முட்டையும் உருண்டையாகக் கீழே விழுந்தன. நாய்கள் பழகியவை போலச் சண்டை போடாமல் தின்றன.

அவள் உள்ளே ஓடினாள். அவருக்கு டப்பாவை மறைக்கக்கூட நேரமில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

அவர் கையில் ஒட்டியிருந்த சோற்றை வேட்டியில் துடைத்தார்.

"கேட்கறேன்ல? சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல." அவர் வெகுநேரம் திணறினார். "பாரம் அதிகமா இருந்தா... பீரோவோட டிராயரை உருவிட்டுத்தான் தூக்குவோம். உன் இடுப்பு போயிடுச்சுன்னா யாரு பார்ப்பா உன்னை?"

அவள் அவர் சட்டையை விலக்கினாள். தினமும் துடைத்து விடுகிற மார்புதான். எலும்பைக் கையால் எண்ணலாம் போலிருந்தது. விளங்குகிற இடது காலின் தொடையும் கைக்குள் அடங்கியது. தான் பலமாகிவிட்டோம் என்று நினைத்ததில் எவ்வளவு தன் பலம், எவ்வளவு இவருடைய பட்டினி என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். "அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? சதை போனா திரும்பாதுன்னு சொன்னாளே!"

"அது உனக்குச் சொன்னதுன்னு நெனைச்சேன்" என்றார்.

அவள் விடுப்புப் போட்டுவிட்டு, வேளைக்கு வேளை பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். அவரும் மறுக்காமல் வாய் திறந்தார். ஆனால் சுருங்கிய வயிறு நாலு வாய்க்கு மேல் ஏற்கவில்லை. மழை பிடித்த மாதத்தில் சளி மார்பில் இறங்கியது. மற்றவர்களுக்கு ஒரு வாரம் இருமலோடு போகிற காய்ச்சல் அது. இருமிச் சளியை வெளியே தள்ளக்கூட அவர் உடம்பில் தெம்பு இல்லை. "எதிர்த்து நிக்க உள்ளே ஒண்ணும் இல்லம்மா" என்றார் மருத்துவர். மகள் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது.

தள்ளுவண்டியோடு வந்த மருத்துவமனை ஊழியர்கள் இருவரும் அவரைத் தூக்கக் குனிந்தார்கள். அவள் தடுத்துவிட்டாள். காலை அகட்டி, மூச்சை விட்டு, அவரை மார்போடு அணைத்துத் தூக்கி வண்டியில் கிடத்தினாள். பதினைந்து வயதுப் பிள்ளையின் எடைகூட இல்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, கூட வேலை செய்கிறவள் துக்கம் விசாரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்கக்கா. வயிறு இருந்த இடமே தெரியல. எனக்கும் சொல்லுங்களேன், என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

இவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்டவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

"நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். "நட. கேன் தூக்கு. வீட்டுல எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு பக்கத்துல உட்கார்ந்து பாரு."

கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். முதல் லாரி வந்து நின்றது. கையை நீட்டினாள்.