கணக்குக்குத் தனி, வணிகத்துக்குத் தனி

இந்த மாதத் தொடக்கத்தில் நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்குப் போனேன். வெள்ளை வேட்டி, சட்டை. நகத்தடியில் எஞ்சின் கறுப்பு. எத்தனை சோப்பு போட்டாலும் அது போகாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கல்லூரியில் என்ன வேலை? வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கிறவன் நான். ஆறாம் வகுப்போடு நின்றவன். வாராவாரம் இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்கு அது தெரியும்.

போனது என் தங்கை மகன் ரெனீஷுக்காக. அவன் அப்பா வளைகுடாவில் மீன்பிடிக்கிறார். பெற்றோர் வர வேண்டும் என்று கல்லூரியில் சொன்னால் தாய்மாமன்தான் போக வேண்டும்.

ரெனீஷ் படிப்பது கணக்கும் வணிகமும் சேர்ந்த டிகிரி. கடைசி வருஷம். சென்னையில் ஒரு கம்பெனி அவனை எடுத்துவிட்டது. ஒரே நிபந்தனை — இந்த வருஷமே எல்லா பேப்பரும் பாஸாகி டிகிரி கையில் இருக்க வேண்டும். அவன் சம்பளம் வாங்கினால் அப்பா ஊர் திரும்பலாம் என்று வீட்டில் பேச்சு.

இதற்கு நடுவில்தான் லூக்காஸ் காணாமல் போனான்.

லூக்காஸ் ரெனீஷின் சித்தப்பா. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முறுகிய ஒரு விடியலில் அவன் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன இருவர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். லூக்காஸ் வரவில்லை.

எங்கள் கடற்கரையில் ஓர் ஆள் காணாமல் போனால் ஊரே தொழிலை நிறுத்திவிட்டுத் தேடும். அந்த வீட்டிலிருந்து ஓர் ஆண் வள்ளத்தில் இருக்க வேண்டும். தேடியது போதும் என்று சொல்கிற உரிமை அந்த ஆளுக்கு மட்டும்தான். வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. லூக்காஸுக்கு ஆண்பிள்ளை இல்லை. அண்ணன் வளைகுடாவில். மிச்சம் யார்? ரெனீஷ்.

முதல் வாரம் முழு நாளும் தேடினோம். பிறகு பல வாரம் விடியலில் போய் உச்சிக்குத் திரும்பினோம். அவன் குளித்துவிட்டு பஸ் ஏறி மத்தியான வகுப்புக்குப் போய்விடுவான்.

கூடத் தேட வந்த சூசை அண்ணன் வள்ளத்தில் அவனைச் சும்மா விட மாட்டார்.

"எலே கணக்கு வாத்தியாரே, தண்ணி தெக்க இழுக்கு. காத்து கெழக்க தள்ளுது. கணக்குப் போட்டுச் சொல்லுல, எங்க கெடப்பான்?"

"தெரியாது மாமா."

"பின்ன என்னத்தலே மூணு வருஷமாப் படிக்க?"

பையன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் கேட்டார்.

ஒவ்வொரு நாளும் எல்லாரும் ரெனீஷ் முகத்தைப் பார்ப்போம். "இன்னும் கொஞ்சம் போலாம்" என்பான். போவோம். கடைசியில் ஒரு நாள், "திருப்புங்க... நாளைக்குப் பாக்கலாம்" என்றான். எல்லாருக்கும் புரிந்தது. மறுநாள் யாரும் போகவில்லை. போதும் என்ற சொல்லை மட்டும் அவன் சொல்லவில்லை.

கல்லூரிக்கு வருகிறேன்.

கணக்குத் துறைத் தலைவர் ஒரு அம்மா. உட்காரச் சொன்னார். நின்றேன்.

"இந்த கோர்ஸை ரெண்டு துறை சேர்ந்து நடத்துறோம். கணக்குல பாஸ் தனி, வணிகத்துல பாஸ் தனி. அட்டெண்டன்ஸும் தனித்தனிதான். வணிகம் மத்தியானம். அதுல அவனுக்குக் குறைவில்லை. கணக்கு எல்லாம் காலையில. அதுல ரொம்பக் குறையுது."

"அதுல கூடினத இதுல சேக்க முடியாதா அம்மா?"

"முடியாது."

எங்கள் பக்கம் வள்ளத்தில் இரண்டு எஞ்சின் வைப்போம். ஒன்று நின்றால் மற்றதை வைத்துக் கரைக்கு வந்துவிடலாம். இந்தப் படிப்பில் அப்படி வர முடியாதாம்.

"அப்பம் பரீட்சை?"

"வணிகம் எழுதலாம். கணக்கை அடுத்த வருஷம் ஜூனியர் பிள்ளைங்களோட உக்காந்து முடிக்கணும்."

சென்னை வேலை அதோடு போச்சு என்று அர்த்தம்.

அந்த அம்மா விதிப் புத்தகத்தைத் திறந்தார். காய்ச்சல் என்று டாக்டர் சீட்டு வைத்தால் விலக்கு உண்டு. ஆனால் கேட்ட அன்றைக்கே, "சித்தப்பாவைத் தேடப் போனேன்" என்று பையன் சொல்லிவிட்டான். நான் கொண்டுபோயிருந்த பங்குச் சாமியாரின் கடிதமும் அதைத்தான் சொன்னது. இனி எந்தக் காய்ச்சலை வரவழைப்பது?

"நெருங்கின உறவுல சாவுன்னா விலக்கு இருக்கு. சர்டிபிகேட் உடனே கிடைக்காதுன்னு எனக்குத் தெரியும். அவர் இறந்துட்டார்னு அவர் மனைவி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். நான் மேல பேசிப் பாக்கிறேன்."

"காணாமப் போனதுக்கு ஒண்ணும் இல்லியா?"

பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார்.

"அதுக்கு இதுல எடமில்லீங்க" என்றார், மெதுவாக. நல்ல மனுஷிதான்.

நானும் ரெனீஷும் பஸ் ஏறி ஊர் திரும்பினோம். வீட்டில் தங்கை பேசினாள்.

"ஸ்டெல்லாகிட்ட போயிக் கேளுங்க அண்ணே. ஒரு வரிதானே? பயலுக்க வாழ்க்கையில்லா?"

"நீ கேளு."

"எனக்கு நாக்கு எழும்பாது."

"எனக்கு மட்டும் எழும்புமா?"

ஆனாலும் போனோம். நானும் அவனும்.

லூக்காஸின் மனைவி ஸ்டெல்லா முற்றத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்ணச் சேலைதான் கட்டியிருந்தாள். அந்த வீட்டில் இன்னும் யாரும் துக்கச் சேலை எடுக்கவில்லை.

"வாங்க அண்ணே. மக்கா ரெனீஷு, நல்ல நேரத்துல வந்த. ஆள் விட இருந்தேன். சித்தப்பாக்க நம்பருக்கு ரீசார்ஜ் நாளையோட முடியுது. உனக்க போன்ல போட்டு விடு."

ரெனீஷ் என்னைப் பார்த்தான். நான் நெத்திலியைப் பார்த்தேன்.

"பிளாஸ்டிக் கவர்ல சுத்தித்தான் போனக் கொண்டு போனாரு" என்றாள் ஸ்டெல்லா. "எங்கயாவது கரையேறி ஆன் பண்ணினா, நம்பர் செத்துக் கெடக்கப் பிடாதுல்லா?"

நான் தொண்டையைச் செருமினேன். கேட்டுவிடலாம் என்றுதான். அதற்குள் பையன் போனை எடுத்துவிட்டான். கட்டைவிரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அழுத்தினான்.

"போட்டாச்சு சித்தி."

"எத்தன நாளைக்கு மக்கா?"

"ஒரு வருஷத்துக்கு."

"அம்மாடி... அவ்வளவு எதுக்குல? அவரு வந்து என்னத்தான் ஏசுவாரு, வீண் செலவுன்னு."

"ஏசட்டும் சித்தி."

ஸ்டெல்லா சிரித்தாள். டீ போட்டுத் தந்தாள். குடித்தோம். எழுந்தபோது கேட்டாள்.

"என்னமோ சொல்ல வந்தியளே அண்ணே?"

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"சும்மா வாற ஆளா நீரு?"

நான் செருப்பைத் தேடினேன். காலில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள். சொன்னோம். "ரெண்டு ஆம்பளைய போயி, ஒரு வரி கேக்காம டீ குடிச்சிட்டு வந்திருக்கிய!" என்றாள். அதோடு சரி. மகனுக்குச் சோறு போட்டாள். இருந்ததில் பெரிய மீன் துண்டு அவன் தட்டில் விழுந்தது.

மறுநாள் ரெனீஷ் தனியாகவே கல்லூரிக்குப் போனான். கடிதம் இல்லை என்று சொன்னான். ஏன் என்று அந்த அம்மா கேட்கவில்லையாம். போன வாரம் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். அதில் வணிக பேப்பர்கள் மட்டும்தான் இருந்தன. கம்பெனிக்கு அவனே எழுதிப் போட்டான். வாழ்த்துகளோடு பதில் வந்தது. வேலை இல்லை.

வளைகுடாவுக்கு நான்தான் போன் செய்தேன். மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். 

"ஸ்டெல்லாகிட்ட யாரும் கேக்கல்லியே?" என்றார்.

"இல்ல."

"செரி. நான் இன்னும் ஒரு வருஷம் நிக்கேன்."

விதி இல்லாமல் படிப்பு நடக்குமா? நடக்காது. எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. நோய் தெரியும் அவர்களுக்கு. சாவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு காத்துக்கொண்டிருக்கும் என்பது தெரிந்திருக்காது... கரையில் இருந்தால்தானே தெரியும்?

அடுத்த வருஷம் இரண்டு வேலை இருக்கிறது — ரெனீஷ் கணக்கு பேப்பர் எழுத வேண்டும், லூக்காஸ் நம்பருக்கு ரீசார்ஜ் போட வேண்டும்.