நம்பர் போகலாம், ஊர் போகக்கூடாது

என் தங்கை சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். புருஷன் கையை முறித்த பிறகு ஊரை விட்டுக் கிளம்பியவள். இப்போது எங்கே இருக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து வாசலில் நிற்பான். வேலை, வாடகை அறை, நிம்மதியான தூக்கம் எல்லாம் ஒரே நாளில் போகும்.

பழைய தெருவில் அவளுக்கு ஒரே ஒரு தோழி. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கட்டுப் போட்ட கையோடு இவளைப் பஸ் ஏற்றிவிட்டதே அவள்தான்; எங்கே போய் இறங்கினாள் என்பது அவளுக்கும் தெரியாது. தொல்லை என்னவென்றால், அந்தம்மாவின் போன் இஸ்திரி மேஜையிலேயே கிடக்கும். பூட்டு கிடையாது. படிக்கத் தெரியாததால், துணி கொடுக்க வருகிறவர்களிடம் நீட்டி, "இதுல என்ன வந்திருக்கு, பாருங்க" என்பாள். தங்கையின் புருஷனும் அங்கேதான் சட்டை கொடுக்கிறான்.

"வர்ற மெசேஜ் தானா அழிஞ்சு போற மாதிரி ஒண்ணு இருக்காமே, அதை அவ போன்ல போடச் சொல்லு," என்றேன். நான் வேலை செய்யும் பட்டறையில் யாரோ சொன்னது.

"அதைப் போட, போன் ரிப்பேர் கடைக்காரன்கிட்ட குடுப்பாண்ணே. அவன் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் அழிய விடுவான்."

"அப்போ பேச்சையே நிறுத்து."

"மாட்டேன்."

குரலைப் பதிந்து அனுப்புவது என்று முடிவு செய்தாள். நாலு பேர் நடுவில் சத்தமாக ஓடும் என்று நினைத்துக்கொண்டே பேச வேண்டும்.

"அவனுக்கு உன் நம்பர் தெரிஞ்சுடுமே?"

"நம்பர் தெரிஞ்சா கத்துவான். ஊர் தெரிஞ்சா வருவான். கத்தினா போனை அணைச்சுக்கலாம்ணே."

முதல் பதிவை அனுப்பும் முன் நான் காதில் வைத்துக் கேட்டேன். முட்டி வலி, சூப்பர்வைசரின் சிடுசிடுப்பு. பின்னாலேயே ஜன்னல் வழியாகக் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுகிறான். அழித்தோம். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி குடோனில், துணிப் பொதிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினாள். வெளிச்சத்தத்தைத் துணி குடித்துவிடும்.

தோழிக்குக் கோபம். "எனக்குமா சொல்லக் கூடாது? நான் என்ன, ஊருக்கு மைக் செட்டா?"

"உன்னை நம்பறேன்டி. உன் மேஜையைத்தான் நம்பல," என்று இவள் பதில் அனுப்பினாள்.

பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தங்கையின் அறையில் இருந்தபோது தோழியே கூப்பிட்டாள்.

"அவன் வந்தான்டி. போனைப் பிடுங்கி எல்லாத்தையும் போட்டுக் கேட்டான். உன் முட்டி வலியைக் கேட்டே அவனுக்குக் கால் வலிச்சிருக்கும். அப்புறம் என்னைப் பிடிச்சு உலுக்கினான். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்டி, அப்படிப் பயந்துட்டேன். எங்க கடை முதலாளிதான் வந்து அவனைத் தள்ளிவிட்டார்."

"அடிபட்டுச்சா?"

"எனக்கு இல்ல. இஸ்திரிக்குக் குடுத்திருந்த அவன் சட்டைதான் கருகிடுச்சு. கை தவறிடுச்சுன்னு சொல்லிட்டேன். இனிமே நான் கேட்டாலும் ஊரைச் சொல்லாதே."

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். நான் போனை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"எங்கடி இருக்கே?"

"நல்லா இருக்கேன்," என்றாள். வைத்துவிட்டு அந்த நம்பரை முடக்கினாள்.

பிறகு அரிசி களைய எழுந்தாள். "சாப்பிட்டுட்டுப் போண்ணே."