லேட் போட்ட பதினேழாம் எண்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் நாலு பேர். டைப் அடிக்கிற நான். கடைக்காரரான அண்ணா. மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வண்டலூரிலிருந்து வந்திருந்த பெரியவர். காலையில் ஒரு தரமும் மத்தியானம் ஒரு தரமும் வந்த டாக்டரம்மா. வாசலில் படுத்திருந்த நாயைச் சேர்க்கவில்லை. பெயருக்கு முன்னால் லேட் போடச் சொன்னது யார் என்ற பேச்சு இன்னும் ஓயாததால் ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை மூன்றும் உண்டு. எட்டாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு இங்கிலீஷ் விரலுக்குத் தெரியும், தலைக்குத் தெரியாது. அதனால் எதை அடித்தாலும் பயம். அடித்து முடித்த பிறகு அதைவிடப் பயம்.

டாக்டரம்மா குழந்தைகளின் வயிற்றுப் பூச்சியைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதியிருந்தார். எந்தெந்தப் பழைய கட்டுரையிலிருந்து எதை எடுத்தோம் என்று கடைசியில் நம்பர் போட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். அது சரியில்லை என்று ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். திருத்தித் தபாலில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள்.

"இது போகலைன்னா ப்ரமோஷன் இன்டர்வியூவுக்கு என் பேரே வராது. போன வருஷமும் இப்படித்தான் போச்சு. நம்பர் வரிசை மாறக் கூடாது, பேரெல்லாம் நான் எழுதியிருக்கற மாதிரியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் டியூட்டிக்குப் போனார்.

முப்பத்தோரு நம்பர். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர். எல்லாம் மொட்டைப் பெயர்கள். ஒரு டாக்டர் பட்டம் இல்லை, படிப்பு இல்லை. முந்தின மாதம்தான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயருக்குப் பின்னால் பி.ஏ. விட்டுப்போய், மொத்தப் பத்திரிகையும் கட்டுக்கட்டாகக் கடைக்குத் திரும்பி வந்திருந்தது. அண்ணா கைக்காசில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பட்டம் இல்லாமல் எந்தப் பெயரும் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

"அண்ணா, இவங்கல்லாம் டாக்டருங்க போலக் கீது. ஒருத்தருக்கும் பட்டம் போடல."

"அவங்க அவசரத்துல விட்டுட்டாங்கடா. டாக்டருங்கள மொட்டையா போட்டா யாருக்குத்தான் கோவம் வராது? அதுக்குத்தான் திருப்பி அனுப்பிச்சிருக்கான்."

பெரியவர் புரூஃபை மடித்து மடியில் வைத்தார். "கரெக்டு. எங்க மச்சான் பேருக்குப் பின்னால மின்வாரியம்னு போடலன்னு அஞ்சு வருசம் வூட்டுப் பக்கமே வரல."

சில நம்பரில் மூன்று பெயருக்குப் பிறகு 'மற்றும் பலர்' என்று அர்த்தம் வரும்படி ஏதோ இருந்தது. அதைக் காட்டினேன்.

"மத்தவங்கன்னு போட்டா பந்தியில வந்து உக்காருவானா?" என்றார் பெரியவர்.

"அது நம்ம சுற்றமும் நட்பும் மாதிரி ஐயா. இருக்கட்டும்" என்று அண்ணா முடித்துவைத்தார்.

எல்லாப் பெயருக்கும் முன்னால் டாக்டர் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். பெரியவர் பட்டியலில் விரலை வைத்து, "இன்னா தம்பி, இது வெள்ளக்காரன் காலத்து வருசமா கீதே. இவரு இருக்காரா?" என்றார்.

கை அப்படியே நின்றுவிட்டது. போனவரை இருக்கிறவர் வரிசையில் போட்டால் அபசகுனம். இருக்கிறவருக்கு லேட் போட்டால் அதைவிடப் பாவம். டாக்டரம்மாவைக் கேட்க வழியில்லை. கடைசியில் அண்ணாதான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: சுதந்திரத்துக்கு முன்னால் எழுதினவர்களுக்கெல்லாம் லேட். அப்படிப் பார்த்ததில் நாலு பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது மணி இரண்டேகால். மூன்றுக்கு மேல் தபாலாபீசில் ரிஜிஸ்தர் வாங்க மாட்டார்கள். அவர் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"யாரு இவங்களை எல்லாம் சாகடிச்சது?"

நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் நாயைப் பார்த்தார்.

"மரியாதைக்குத்தான் மேடம்" என்றார் அண்ணா.

"சார், இது கல்யாணப் பத்திரிகை இல்ல. ஒரு கமா கூடப் போனாலே திருப்பி அனுப்பறாங்க. மறுபடி அடிக்க நேரமும் இல்ல." வாட்ச்சைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஊரை விட்டே போய்விடலாம் போல இருந்தது.

வெள்ளை மையை எடுத்தேன். டாக்டரையும் லேட்டையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அண்ணா தாளைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் மகள் கல்யாணப் புரூஃபையே விசிறியாக்கி ஈரத்தின் மேல் விசிறினார். "படிச்ச மனுசங்க, இப்பிடி மொட்டையா அனுப்பறோமே" என்று நடுவில் புலம்பல் வேறு. பல் விழுந்த வாய் மாதிரி ஆகியிருந்த தாள்களை ஜெராக்ஸ் எடுத்தோம். வெள்ளை மைத் திட்டு தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

கவரை ஒட்டிய பிறகு பார்த்தால் அவர் பையில் ஒற்றை நூறு ரூபாய் நோட்டுதான். அண்ணாவிடம் சில்லறை இல்லை. பெரியவர் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். "போய்க்கினே இரும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று தபால் செலவுக்கு எண்ணிக் கையில் திணித்தார். டாக்டரம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ரிஜிஸ்தர் ஆகிவிட்டது.

சாயந்திரம், கடையில் எடுத்துவைத்த பிரதியைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தின் முதல் வரியில் பதினேழாம் எண், லேட் டாக்டர் என்று கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. தபாலாபீசுக்கு ஓடினேன். தபால் பை ஸ்டேஷனுக்குப் போய்விட்டதாம்.

"முப்பத்தோரு நம்பர்ல ஒருத்தர்தானே செத்தாரு, வுட்றா" என்றார் அண்ணா.

என்னால் விட முடியவில்லை. கடை வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் டாக்டரம்மாவோ என்று டைப் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் சுற்றிப்போய்த்தான் பால் வாங்குவேன்.

ஒருநாள் அவரே வந்தார். கையில் அந்த ஆசிரியரின் கடிதம். கோபமா சிரிப்பா என்று முகத்தில் தெரியவில்லை. படித்துத் தமிழில் சொன்னார்.

"உங்கள் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதினேழாம் எண்ணில் உள்ளவர் நான்தான். நல்ல சௌக்கியமாக இருக்கிறேன். திருத்திக்கொள்ளவும்."

ஆசிரியர் கையெழுத்து பெரிதாக இருந்தது. உயிரோடிருப்பதைக் காட்டவே அப்படிப் போட்டாரோ என்னவோ. டாக்டரம்மா அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சிரித்த சிரிப்பில் பெரியவர் பணம் அவருக்கும் நினைவு வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. அப்புறம் ப்ரமோஷன் கிடைத்தது. கூடவே மதுரைக்கு மாற்றலும்.

தொண்ணூறுகளில் பெரியவர் பேரனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிக்க வந்தார். பெயர்களுக்குப் பட்டம் சரிபார்த்தபடியே கேட்டார்: "டாக்டரம்மா வந்தாங்களா தம்பி?"

இல்லை என்றேன். மனசு கேட்காமல் என் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அது அவுங்க குடுக்க வேண்டியது. உன்கிட்ட வாங்கிக்கினேன்னா, அவுங்களுக்கு நான் லேட் போட்ட மாதிரி ஆயிடும்."

அதனால் கணக்கு அப்படியே நிற்கிறது. பதினாலு ரூபாய் ஐம்பது காசு.